வாய்க்காவலர்

வயலுக்குக் காவல் உண்டு, களத்துக்குக் காவல் உண்டு, அறுவடைக் காலத்தில் கலகம் வந்தால் போலீஸ் காவலும் உண்டு. இவை தவிர, யாரும் நியமிக்காமல், யாரும் சம்பளம் தராமல், அடுத்தவர் வாயைக் காவல் காப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் கொஞ்சம் அசந்து கண்ணை மூடி, உதடு லேசாகப் பிரிந்திருந்தால், பக்கத்து சீட்டிலிருந்து ஒரு விரல் வந்து உங்கள் தாடையைத் தொடும். பயப்படாதீர்கள், திருடன் இல்லை. திருடனென்றால் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிடுவான். இவர் இறங்க மாட்டார்.

நீடாமங்கலத்துக்கு இரண்டு மைல் தள்ளி, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உரம் விற்கும் கிளார்க்காக இருந்த சாமிதுரை இந்த இனத்தில் சேர்ந்தது 1974 கோடையில். அவர் அக்கா மகளுக்குப் பல் தாறுமாறாக முளைத்திருந்தது. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள், காலையில் எழுந்தால் நாக்கு வறண்டு கிடக்கும், பள்ளிக்கூடத்தில் பாதி நேரம் தூங்கி வழிவாள். அக்காவையும் பெண்ணையும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் ஒரு பல் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் கால் மணி நேரம் பேசினார். நாக்கு கீழே கிடக்கக் கூடாது, மேலண்ணத்தில் ஒட்டி இருக்க வேண்டும், உதடு மூடியிருக்க வேண்டும், மூச்சு மூக்கு வழியாகத்தான் போய்வர வேண்டும், வளரும் பிள்ளைக்குத் தாடை விரிவதற்கும் நல்ல தூக்கத்துக்கும் அது நல்லது என்றார். இதுவரைக்கும் சாமிதுரை கேட்டார். இதற்குப் பிறகு டாக்டர், மூக்கு அடைத்திருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும், பழக்கம் மெதுவாகத்தான் மாறும், அதட்டினால் மாறாது என்றும் சொன்னார். அதற்குள் சாமிதுரைக்கு ஞானம் வந்து எழுந்துவிட்டார்.

மிச்சப் பாதியை அக்கா கேட்டுக்கொண்டாள். பெண்ணின் மூக்கடைப்பைப் பார்த்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், மறு வருஷம் அவள் நன்றாகத் தூங்கினாள். ஆகவே சாமிதுரை சொன்னது பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கஷ்டமே அங்கேதான். பொய் சொல்கிறவரை மடக்கலாம். சரியானதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறவரை என்ன செய்வது?

1974 யூரியாவுக்குத் தட்டுப்பாடான வருஷம். சங்கத்து வாசலில் வரிசை நிற்கும். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவனுக்கு மூட்டை நகராது. "நாக்கு மேல, உதடு பூட்டுல, மூச்சு மூக்குல" என்று அவர் ஒருமுறை சொல்ல வேண்டும், வாடிக்கைக்காரன் அதைச் செய்து காட்ட வேண்டும், அதன்பிறகுதான் ரசீதுப் புத்தகம் திறக்கும். கீழத்தெருவில் ஒரு சாவு. பிணத்தின் தாடையைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். மாலையோடு போன சாமிதுரை கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, இதை நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியிருந்தால் மனுஷன் இன்னும் இருந்திருப்பார் என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள். அழும்போது வாய் திறக்கிறதே, அதைப் பற்றி ஏதும் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அவர் வாய்? அது காலை ஆறு மணிக்குத் திறந்தால், அடுத்தவர் வாயை மூடச் சொல்லிச் சொல்லியே பொழுது சாய்கிற வரை மூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் தூங்குவார். அப்போது அது எப்படி இருக்கும் என்பதை அவர் மனைவி செவ்வந்தி அறிவாள். ஈ போய்விட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு இடம் இருக்கும் என்று அவர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

குறுவை அறுவடைக்கு முன்னால் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். சாமிதுரை சைக்கிளை நிறுத்திவிட்டு, இப்படி வாயைத் திறந்து கத்தினால் தொண்டை வறண்டு போகும், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்கலாமே என்றார். முன்வரிசையில் காளியம்மாள் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் செத்துப் பத்து வருஷம், நடவுக்கும் களைக்கும் போய்ப் பிழைக்கிறவள். அவள் நின்று, பொறுமையாகத்தான் பதில் சொன்னாள்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து எங்களை வாயை மூடுன்னுதான் சொல்லிட்டிருக்காங்க, சார். நீங்க அதுக்குக் காரணம் சொல்றீங்க. அது ஒண்ணுதான் புதுசு."

சாமிதுரை அன்று வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு குறைவாகச் சாப்பிட்டார்.

அந்தக் காளியம்மாளுக்குத்தான் ஐப்பசியில் ஆபத்து வந்தது. குடியிருக்கிறவருக்கே குடிசை மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டு மூன்று வருஷமாகியிருந்தது. அவள் குடிசை மிராசுதாரின் தென்னந்தோப்பு ஓரத்தில். பட்டா கேட்டு மனுப் போட்டாள். அது குடிசையே இல்லை, மாட்டுக்கொட்டகை, அவள் போன வருஷம்தான் உள்ளே நுழைந்தாள் என்று மிராசுதாரின் காரியஸ்தர் வேம்பு எதிர்மனுப் போட்டார். தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பதாக ஏற்பாடு. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. எல்லோருக்கும் அந்த மிராசுதாரிடம்தான் வேலை.

சாமிதுரைக்கும் பயம் இருந்தது. அந்த மிராசுதார்தான் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். ஆனால் பதினைந்து வருஷமாக அவர் தினமும் சைக்கிளில் போகும் வழியில்தான் அந்தக் குடிசை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காளியம்மாளிடம் போய், நான் வந்து சொல்கிறேன் என்றார். அவள் கும்பிட்டாள். உங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும், ஒரே ஒரு பதில் சொன்னால் போதும் என்று செவ்வந்தி மட்டும் நாலு தடவை சொல்லி அனுப்பினாள்.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் விசாரணை. தாசில்தார் வைத்தியலிங்கம் பருத்த மனிதர், ஜலதோஷம் வேறு. கீழுதடு தொங்க, வாயால் இரைத்து இரைத்து மூச்சு விட்டபடி காகிதங்களைப் புரட்டினார். சாமிதுரையைக் கூப்பிட்டு, இந்த அம்மா எத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறார் என்று கேட்டார்.

பதில் சாமிதுரையின் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் கண் போய்த் தாசில்தாரின் உதட்டில் நின்றுவிட்டது. குடிகாரனுக்கு எதிரே கள்ளுப்பானையை வைத்த மாதிரி.

"ஐயா தூங்கி எந்திரிச்சா நாக்கு வறண்டிருக்குங்களா?" என்றார்.

தாசில்தார் நிமிர்ந்தார். சாமிதுரையால் நிறுத்த முடியவில்லை. நாக்கு, மேலண்ணம், தாடை, குறட்டை, பகலில் வரும் அசதி என்று மடை திறந்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. செவ்வந்தி சொன்ன அந்த ஒரு பதில் நடுவில் எங்கோ மூழ்கிப்போனது. வேம்பு இதற்குத்தான் காத்திருந்தவர் போல எழுந்தார். சாட்சிக்குப் புத்தி நிதானத்தில் இல்லை, அடுத்த மாதம் வேறு சாட்சியை வைத்துக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொன்னார். தாசில்தார் பேனாவை மூடினார். அடுத்த மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குள் குடிசை இருந்த இடத்தில் தென்னங்கன்று நிற்கும்.

"சாமிதுரை சார், வாயை மூடுங்க" என்றாள் காளியம்மாள்.

சத்தம் போடவில்லை. அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வாயை மூடினார். நாக்கு தானாக மேலே போய் ஒட்டிக்கொண்டது. உலகத்துக்கெல்லாம் சொன்னதை அவர் பகல் வெளிச்சத்தில் செய்தது அன்றுதான்.

காளியம்மாள் தாசில்தார் பக்கம் திரும்பினாள். அறுபத்தேழு எலெக்ஷன் ஓட்டர் லிஸ்டில் தன் பெயரும் அந்தக் குடிசையின் கதவு நம்பரும் இருக்கின்றன, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். "அந்த வருஷம் எங்கிட்ட ஓட்டுக் கேட்டு வந்தவர் இதோ நிக்கிறாருங்க, வேம்பு ஐயா. வாசல்ல நின்னு கும்பிட்டாரு. மாட்டுக்கொட்டகைன்னா, மாட்டுக்கிட்டயா வந்து ஓட்டுக் கேட்டாரு?"

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தாசில்தாருக்கும் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. கிராமக் கணக்கர் பெட்டியிலிருந்து பழைய லிஸ்டை எடுத்துத் தூசி தட்டினார். பெயர் இருந்தது, நம்பரும் இருந்தது. வேம்புவின் வாய் திறந்தது. திறந்தது மூடவில்லை. இரண்டடி தூரத்தில் அந்த வாய், நாக்கு கீழே கிடக்க, உதடு தொங்க, அப்படியே நிற்கிறது. சாமிதுரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியது. பேசவில்லை. இந்த அம்மா சொல்வது சரிதானா என்று தாசில்தார் கேட்டபோதும் வாயைத் திறக்கப் பயந்து பலமாகத் தலையை ஆட்டினார். 'சாட்சி ஆமோதித்தார்' என்று எழுதினார்கள்.

தை மாதம் காளியம்மாளுக்குப் பட்டா வந்தது. அதற்கு முன்பே சாமிதுரைக்கும் ஓர் உத்தரவு வந்திருந்தது. உர விற்பனையிலிருந்து அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க மூட்டைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும், அவை வாய் தைக்கப்பட்டே வந்து இறங்கும், சொல்லித் தர எதுவும் இல்லை. தண்டனையைத் தேர்ந்தெடுத்தவர் அவரை நன்றாகப் புரிந்துகொண்டவர்தான். காளியம்மாள் வாரம் ஒருமுறை கிடங்குப் பக்கம் வந்து, பத்து நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டுப் போவாள். அவர் திருத்துவார். தன் நன்றியை இப்படித்தான் செலுத்த முடியும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

இதில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. விசாரணை முடிந்து ஜீப்பில் ஏறப் போன தாசில்தார், சாமிதுரையைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த நாக்கு விஷயத்தை இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஜீப் அரை மணி நேரம் நின்றது. சித்திரைக்குள் தாலுகா ஆபீசுக்கு மனுவோடு போனவர்கள் எல்லோரும் ஒரே புகாரோடு திரும்பினார்கள். ஐயா மனுவை வாங்குவதற்கு முன்னால் வாயை மூடச் சொல்கிறாராம்.

அம்மைகூட இவ்வளவு வேகமாகப் பரவாது. அதனால்தான் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் நாக்கு இப்போது எங்கே இருக்கிறது? மேலே போய்விட்டதா? ரொம்ப நல்லது. உதடும் மூடியிருக்கிறதா? மிக நல்லது, அதோடு விட்டுவிடுங்கள். ஆமாம், எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் வாயை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?