மொட்டைமாடியில் செத்துப்போன சொற்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் ஆவலை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் தங்கைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும் வேலையை நான் எடுத்துக்கொண்டதே காரணம். அந்த மாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் தொலைபேசியில் உங்கள் மருமகனை, அதாவது என் மகனைப் பற்றி நான் புலம்பியபோது நீங்கள் ஓர் அறிவுரை சொன்னீர்கள். "அவன் பாஷையில பேசிப் பாருங்க மாப்ள, தானா கிட்ட வருவான்." நீங்கள் பல் மருத்துவர். வலிக்காது என்று சொல்லிப் பழகியவர். நான் நம்பிவிட்டேன்.

நிலவரம் உங்களுக்குத் தெரியும். பையன் கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கிறான். வேலை முடிந்து வந்ததும் மூன்று சிநேகிதர்களோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கஞ்சா புகைக்கிறான். இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கொடியில் காயும் என் சட்டைகளில் ஏறும் வாடையே சாட்சி. போலீசில் மாட்டினால் வேலை போகும், மானம் போகும் என்று உங்கள் தங்கை அழுகிறாள். எனக்கு அதைவிடச் சின்னதாக ஒரு கவலை. அவன் என்னோடு பேசுவதில்லை. 'ம்' உண்டு, 'ம்ஹும்' உண்டு. ஆயுள் முழுக்க அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் வீட்டில் புழங்கும் மொத்தச் சொற்களும் இவை இரண்டுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. புதுச் சொல் ஒன்றை மூன்று பேர் வாயால் கேட்காமல் ஏற்கக்கூடாது. கேட்டபின் அதை நாமே ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசி, எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆகவே காய்ந்த துணி எடுக்கும் சாக்கில் மாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினேன். மறைக்காமல் சொல்கிறேன், செழிப்பான மொழி. சரக்குக்குப் பெயர் 'கீரை'. கூடி உட்காருவது 'டியூஷன்'. சுருட்டுகிறவன் 'தையல்காரர்', முதல் இழுப்பை அவன் எடுக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தர வேண்டும் என்று ஒரு மரியாதை. வாங்கியதைக் கைமாற்றாமல் வைத்துக்கொள்கிறவன் 'குத்தகைதாரர்'. போதை ஏறி அசையாமல் உட்கார்ந்துவிட்டால் 'சிலை திறந்தாச்சு'. என் காலத்தில் இப்படியொரு சொல்லைக் கொண்டுவந்தவனுக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றதையும், குடிப்பவர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றதையும் குழூஉக்குறி என்று பள்ளியில் படித்தோம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு இப்போது தெரியும். இந்த வகைச் சொற்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கதவுக்கு வெளியே நிற்கும் ஒரு தகப்பன்.

பிறகு விதிப்படி வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். காலையில் அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, நேற்றுக் கீரை கொஞ்சம் முற்றல்போலிருக்கிறதே என்று தோழமையோடு விசாரித்தேன். ஒரு கால் ஷூவோடு அப்படியே நின்றான். அன்று சாயங்காலம் மாடியில் கீரை இல்லை, 'பெரியப்பா' வந்துவிட்டார். சரி, கற்றுக்கொள்கிறவனுக்கு வெட்கம் கூடாது என்று மறுநாள் பெரியப்பா சௌக்கியமா என்று கேட்டுவைத்தேன். என் அண்ணன் காலமாகி வெகுகாலமாகிறது. பையன் சுவரைப் பார்த்தான். உங்கள் தங்கை வேறு காரணத்துக்காக அழுதாள்.

பெயர் மாறிய காரணத்தை விளக்கியவன் அந்த நால்வரில் மூட்டை என்று பெயர்பெற்றவன். கிடங்கில் சுமை ஏற்றுகிறவன், உடம்பும் பெயருக்கு ஏற்றாற்போல். தெருமுனையில் மடக்கிக் கேட்டேன். மரியாதையான பிள்ளை. "வீட்டுப் பெரியவங்க வாயில வந்துட்டா அந்த வார்த்தை செத்துடுச்சு அங்கிள். அதுதான் எங்க ரூல். யார் வீட்லேருந்து வெளியில போச்சோ அவன்தான் புதுசா வார்த்தை வெக்கணும். அதோட ஒரு வாரம் அவனுக்கு ஒண்ணும் கிடையாது, சும்மா உக்காந்து பாக்கணும்."

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த அகராதிக்காரன் செத்துத் தகப்பன் விழித்துக்கொண்டான். ஒரு சொல்லை நான் உச்சரித்தால் ஒரு வாரம் என் மகன் புகைக்க மாட்டான். இதைவிட மலிவான மருந்து எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்? கதவுக்குப் பின்னால் நின்று பொறுக்கிவந்து காலையில் காப்பியோடு பரிமாறினேன். 'பெரியப்பா'வுக்குப் பிறகு 'இன்வாய்ஸ்' வந்தது, கொன்றேன். 'ஈரத்துணி' வந்தது, அதையும் கொன்றேன். உங்கள் தங்கை தெம்பாகிவிட்டாள், இன்னிக்கு ஒண்ணு சொல்லிடுங்கன்னு அவளே எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு. கடைசியில் அந்த மூணு பேரும் கூடிப் பேசி, உன் வீட்டுச் சுவருக்குக் காது இருக்குடா, நீ இனிமே வராதேன்னு அவனைத் தள்ளி வெச்சுட்டாங்க. எங்க மாடிதான், ஆனா அவனுக்கு இடமில்லை. அவங்க வேற மாடிக்குப் போயிட்டாங்க.

அன்றைக்கு அவன் என்னிடம் பேசினான். நீண்ட நாளைக்குப் பிறகு முழு வாக்கியங்கள். "உங்களுக்கு வார்த்தைதான் வேணும்னா கேளுங்கப்பா, மொத்தமா சொல்லிடறேன். நான் பேசறதுக்குன்னு இருந்தது அவனுங்க மூணு பேர்தான்." அதோடு சரி. புகை இல்லை, மாடி இல்லை, சட்டைகள் சோப்பு வாசனையோடு காய்கின்றன. அவன் அறைக்குள் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். இப்போது 'ம்' கூட இல்லை மச்சான். சாப்பிடக் கூப்பிட்டா வர்றான், தட்டைப் பாக்கறான், போறான். நம்ம பிள்ளையைத் திருத்திட்டோம்னு சொல்லிக்கக்கூட வாய் வரலே.

எனவே, அறிவுரை உங்களுடையது என்பதால் பரிகாரமும் உங்களுடையதே. அடுத்த விடுமுறையில் நேரில் வந்து அந்த மூவரையும் பார்த்து, பையனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்; புகைக்கு அல்ல, பேச்சுக்கு. ஒரு தகப்பன் இப்படிக் கேட்டு எழுதுவது அழகில்லை என்று தெரியும். அழகாக எழுதும் நிலையில் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாத வயதில் இருப்பவர்களுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். இதை உறையில் போடுவதற்குள் மூவரும் தொட்டிக்குப் பின்னால் திரும்பிவிட்டார்கள், பையனும் போய்விட்டான். இனிச் சொற்களே கிடையாதாம், எல்லாம் சைகை. கதவு இடுக்கில் ஒருமுறை பார்த்ததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இன்று சாப்பிடும்போது மறதியாக இடது காதைத் தொட்டான். சரக்கு வந்துவிட்டது என்று பொருள். நான் ஒன்றும் தெரியாதவனாகக் காது வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லப்பா" என்றான். சற்றுக் கழித்து, "உங்களுக்கு வலிக்குதா?" என்றான். நாளை மூக்கைத் தொடுவான் என்று நினைக்கிறேன். சளியா என்று கேட்கப்போகிறேன்.