கட்டில் இல்லாத வீடும் சைரன் ஆன்ட்டியும்

நியூஜெர்சியில் பனிப்புயலைவிட அதிகம் பேரைக் கதவைச் சாத்திக்கொள்ள வைத்தவர் என்றால் அது எங்கள் சைரன் ஆன்ட்டிதான். பனிப்புயலாவது டி.வி.யில் சொல்லிவிட்டு வரும். ஆன்ட்டி சொல்லாமல் வருவார்.

தூத்துக்குடிக்காரர். ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் நர்ஸ். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஏதோ ஒன்று உண்டு, அது யாருக்கும் ஞாபகமில்லை. அவர் வாயைத் திறந்தால் பார்க்கிங் லாட்டில் கார்கள் ஒதுங்கி வழி விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து சைரன் ஆன்ட்டி ஆகிவிட்டார். பனி அள்ளுகிறவன் ஒருமுறை அத்தனை பனியையும் இவர் காருக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போகப் பார்த்தான். ஆன்ட்டி நைட்டியின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அந்த ஆறடி மனிதன் இறங்கி வந்து, மண்வெட்டியால் பனியை அள்ளி அள்ளிப் போட்டதை ஜன்னல் வழியாக எங்கள் அபார்ட்மென்ட் வளாகமே பார்த்தது. சர்ச்சில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது எழுந்து நின்று, "ஃபாதர், எனக்கு டியூட்டி இருக்கு, சீக்கிரம் முடிச்சு விடும்" என்றவரும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவரின் தலைக்கு மேல் வீடு எங்களுடையது. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கிற நேரமும், என் மகள் நித்யா ஸ்கூலுக்குக் கிளம்பக் குதிக்கிற நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும். குடிவந்த முதல் வாரமே கதவு இடிபட்டது.

"ஏட்டி, மேல என்ன குதிர வளக்கியளா?"

"இல்ல ஆன்ட்டி, கொழந்த ஸ்கூலுக்குக் கிளம்பறா..."

"கிளம்பட்டும். பறந்தா போறா? நடக்கச் சொல்லு!"

நித்யா என் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாம், ஷீ இஸ் ஸோ மீன்" என்றாள். ஆன்ட்டிக்கு அதுவும் கேட்டுவிட்டது. "ஆமா, மீனுதான். தூத்துக்குடி மீனு. முள்ளு தொண்டையில நிக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இனிமேல் சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. அதனால்தான் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்கென்று நம்மவர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்த காலம். நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளி நிரம்பி வழிந்தது. உடனே ஸ்கூல் போர்டில், எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையை மாற்றினார்கள். எங்கள் வளாகத்தின் பார்க்கிங் லாட் நடுவே கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது எங்கள் கட்டடம் இருந்த பக்கம், குடியிருந்தால் பழைய பள்ளி. அந்தப் பக்கம் என்றால் பஸ் ஏறி எங்கோ போக வேண்டும். அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்து விலாசத்தைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இல்லையோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பினார்கள். எங்கள் வீட்டு ஒப்பந்தம் என் வீட்டுக்காரரின் கன்சல்டிங் கம்பெனி பெயரில் இருந்தது. போதாதா?

வந்தவர் ரிட்டையரான போலீஸ்காரர். ஷூவைக் கழற்றச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. நித்யா ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரத்தில் வந்து பாத்ரூமில் டூத் பிரஷ்ஷைப் பார்த்தார், ஃபிரிட்ஜைத் திறந்தார். என் ஃபிரிட்ஜை! சாம்பார் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். என் குழந்தை என்ன சாம்பாருக்குள்ளேயா இருக்கிறாள்? பிறகு குழந்தை எங்கே படுக்கிறாள் என்று கேட்டார்.

பெட்ரூமைக் காட்டினேன். வெறும் கார்ப்பெட். மூன்று பேரும் தரையில் மெத்தை விரித்துப் படுப்போம், காலையில் சுருட்டி க்ளாஸட்டில் வைத்துவிடுவோம். சின்ன வயதிலிருந்து நான் அப்படித்தான் படுத்தேன், என்னைப் பெற்றவர்களும் அப்படித்தான். அந்த மனிதர் சுருட்டி வைத்த மெத்தையைப் பார்த்துவிட்டு, "கேம்பிங் போகிறீர்களா?" என்றார். நித்யாவிடம் குனிந்து, "உன் ரூமைக் காட்டு கண்ணே" என்றார்.

அமெரிக்கப் பள்ளியில் உண்மை பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள் பாருங்கள். "ஐ டோன்ட் ஹேவ் எ ரூம்" என்றாள் என் செல்லம்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி வந்துவிட்டார், கண்ணெல்லாம் சிவந்து.

"எவன் அது பூட்ஸ் காலோட என் தலையில நடக்கது?"

விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பிப் பிடித்த பிடியில் மனிதர் படி இறங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் என்ன பிரயோஜனம்? கடிதம் வந்துவிட்டது. இந்த விலாசத்தில் எந்தக் குழந்தையும் வசிக்கவில்லையாம். அன்றைக்குக் காட்டுவதற்காகக் கூட்டிவந்து நிறுத்தினோமாம். இந்த மாதக் கடைசியோடு பெயரை எடுத்துவிடுவார்களாம். கோட்டுக்கு இந்தப் பக்கப் பள்ளியும் கிடையாது, அந்தப் பக்கப் பள்ளியும் கிடையாது. ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வரலாம்.

என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். "வாய வெச்சுண்டு சும்மா இரு. எச்-ஒன் விசால இருக்கோம், கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கு. கேட்டா கம்பெனிக்காரன் டெக்ஸஸ்ல ப்ராஜெக்ட் தருவான், போயிடலாம்." ஒரு கோட்டுக்குப் பயந்து மாநிலத்தையே விட்டு ஓடத் தயாராகிவிட்டார் மனுஷர். சிநேகிதர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் யோசனை சொன்னார்கள். ஒரு குட்டிக் கட்டில் வாங்கிப் போடு, பொம்மை போட்ட பெட்ஷீட் விரி, போட்டோ எடுத்துக் காட்டு, வேலை முடிந்தது. அவரும் நானும் கட்டில் பார்க்கக் கிளம்பிவிட்டோம். படியில் ஆன்ட்டி.

"எங்க போறிய ரெண்டு பேரும்?"

சொன்னோம்.

"அறிவிருக்கா உங்களுக்கு? கட்டில வாங்கிப் போட்டா அவன் சொன்னது சரின்னு ஆயிரும்லா? தரையில படுக்கது என்ன களவா? ஏட்டி, உள்ள போ. நான் வாரேன் விசாரணைக்கு."

"ஆன்ட்டி, அங்க வந்து சத்தம் போடாதீங்க, ப்ளீஸ்" என்றார் இவர் கும்பிடாத குறையாக.

"சத்தம் போடாம நான் எதுக்கு வாரேன்?"

விசாரணை பள்ளி நூலகத்தில். டை கட்டியவர்களும் முத்துமாலைக்காரிகளுமாக ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி டியூட்டிக்குப் போகிற வெள்ளை யூனிஃபார்மில், என் வீட்டு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் அதை அவர்கள் காலடியில் உதறி விரித்தார். தூசி பறந்து ஸ்கூல் போர்டுத் தலைவியம்மாள் தும்மினார். ஆன்ட்டி பேசியது ஆங்கிலம்தான், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி அப்படியே வந்து இறங்கிய ஆங்கிலம். தமிழிலேயே தருகிறேன்.

"இதாம் அந்தப் பிள்ள படுக்க எடம். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா, நடுவுல பிள்ள. சந்தேகம்னா எறங்கி வந்து படுத்துப் பாருங்க."

யாரும் இறங்கி வரவில்லை. தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "குழந்தைக்கென்று ஒரு படுக்கைகூட இல்லையே, அதைத்தான் எங்கள் ஆள் குறிப்பிட்டிருக்கிறார்" என்றார்.

"கட்டிலப் பத்தி எங்கிட்டச் சொல்லாதிய. ராத்திரி பூரா நான் கட்டிலுக்கு நடுவுலதான் நடக்கேன். உங்க ஊரு அப்பன் ஆத்தா எல்லாருக்கும் அங்க கட்டில் இருக்கு, பட்டனத் தட்டுனா ஏறும் எறங்கும். பக்கத்துல படுக்க ஒரு ஆளு இல்ல. 'சிஸ்டர், கொஞ்சம் உக்காருங்க'ன்னு என் கையப் பிடிச்சிட்டு விட மாட்டுக்காவ. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஆளு இருக்கு. அதப் பாத்துட்டு வந்து பிள்ளையே இல்லங்கியளே, வெக்கமா இல்ல?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டை கட்டியவர்களில் ஒருவர் மெதுவாக, "பக்கத்தில் குடியிருப்பவர் என்ற முறையில், குழந்தை தினமும் அங்கே இருப்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார். ஆன்ட்டிக்கு வந்ததே கோபம்!

"தெரியுமாவா? நான் கண்ண மூடி எத்தன நாளாச்சு தெரியுமாவே உமக்கு? அந்தப் பிள்ள அங்க இல்லன்னு மட்டும் நிரூபிச்சுக் காட்டும், மாதா கோயில்ல உம்ம பேருக்கு மெழுகுவத்தி ஏத்துதேன்!"

அவர் முதலில் சிரித்தார். பிறகு முத்துமாலைகள் சிரித்தன. தலைவி மட்டும் சிரிக்காமல், குழந்தை பள்ளியிலேயே இருக்கலாம் என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்! நான் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வருடமே கோட்டை அழித்து வேறு இடத்தில் போட்டார்கள். எங்கள் கட்டடம் அந்தப் பக்கம் போய்விட்டது. நித்யா பஸ் ஏறினாள். வயிறெரிந்து ஆன்ட்டியிடம் போய், "இவ்ளோ சண்ட போட்டது வீணாப் போச்சே" என்றேன்.

"என்னட்டி வீணு? கோட்ட எங்க வேணும்னாலும் இழுக்கட்டும், பஸ்ஸுல போய்ட்டுப் போறா. பிள்ளையே இல்லன்னு எழுதுனாம்லா, அதுக்குத்தான் சண்ட. அத அழிச்சாச்சுல்லா?"

அதற்கப்புறம் எத்தனையோ வீடு மாறிவிட்டோம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் தங்கமானவர்கள், பார்த்தால் கையை ஆட்டி ஹாய் சொல்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கிறார்கள். என் குழந்தைக்கு ஒன்று என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கோபப்படுகிற மனுஷிதான் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை.