வெறுங்கால் நேர்த்தி

ரயில் பாரிஸின் மொம்பர்னாஸ் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மடுத்தீனின் கால்கள் மட்டும் சப்பாத்துக்குள் இறங்கமாட்டோம் என்று அடம்பிடித்தன.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினான். பெருவிரலோடு நின்றுவிட்டது. எதிரே இருந்த பிரெஞ்சுக் கிழவி தன் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சப்பாத்தில் பிழை இல்லை. பெந்தகோஸ்து லீவில் பாரிஸிலிருந்து நூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற சார்த்ர் மாதா கோவிலுக்கு ஆயிரக்கணக்கில் சனம் நடந்துபோனது. பிரெஞ்சுக்காரருக்கு அது பாதி செபம், பாதி உல்லாசம். தடித்த சப்பாத்தும் கூடாரமும் கிட்டாருமாகப் பாடிக்கொண்டே நடந்தார்கள். மடுத்தீன் புதுச் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். நேர்த்திக்கடன் வைத்தவன் சப்பாத்துப் போடுவானா? மன்னாரில் அவனுடைய சனம் மடு மாதாவிடம் அப்படித்தான் போகும். அங்கே மணல் என்பதும், இங்கே கோதுமை வயல்களுக்கு நடுவே கூரான சல்லிக்கல் என்பதும் பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது.

நேர்த்தி இதுதான்: இம்மாகுலேற்றை எனக்குத் தந்துவிடு தாயே.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவள் வாசகம் வாசித்ததைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. அவனுக்கு முன்தலை மயிர் கொட்டி வெளிக்கத் தொடங்கிவிட்டது. பேசிய சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப்போயின. முறைவைத்துப் படுக்கிற கட்டிலில், முந்தியவனின் சூடு ஆறாத தலையணையில் தலைவைக்கும்போது, இப்படியே தனியாகக் கிழவனாகிவிடுவேனோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவளின் தகப்பன் மரியரட்ணம் அவனுக்கு மாமா முறை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இருக்கிறார். இன்று பின்னேரம் பெண் பார்க்க வரச்சொல்லியிருந்தார்.

இன்னொரு விஷயமும் உண்டு. நேர்த்தி கைகூடும்வரை அதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. அவன் தாய் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தாள்.

கிழவிக்கு இரக்கம் வந்துவிட்டது. முகத்துக்குப் பூசுகிற கிறீம் டப்பாவை நீட்டினாள். அள்ளிப் பூசினான். சப்பாத்து வழுக்கிக்கொண்டு பாதிவரை போய், பின்தையல் படாரென்று வெடித்தது.

"மெர்சி மதாம்," என்று நன்றி சொன்னான்.

ரயில் கழிவறையில் கோட்டு சூட்டு மாற்றியாயிற்று. வெடித்த சப்பாத்தை இழுத்துக்கொண்டு பார்பெஸ் வரை போய், நடைபாதைக் கடைக்காரனிடம் றப்பர் செருப்பு கேட்டான். அந்த வீக்கத்துக்கு அளவான சோடி ஒன்றுதான் இருந்தது. ரோசாப்பூப் போட்டது.

லா ஷப்பல் மெத்ரோ வாசலில் காத்திருந்த அத்தான் ஸ்ரனிஸ்லாஸ் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டுவந்து, காலில் திடுக்கிட்டு நின்றார். மூத்த அக்காவின் புருஷன். சம்பந்தம் பேசுவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று நினைப்பவர்.

"என்னடா கோலம் இது? மேலை மாப்பிள்ளை, கீழை பொம்பிளையோ?"

"கால் வீங்கிப்போச்சு அத்தான்."

"ஏன் வீங்கினது?"

மாதாவை நினைத்துக்கொண்டான். "வேலையிலை கோப்பை கழுவேக்கை பெட்டி விழுந்திட்டுது."

"ஐயோ, வாயை மூடு! நீ றெஸ்ரோறன்ரிலை மனேச்சர் எண்டெல்லோ நான் சொல்லி வைச்சிருக்கிறன். மனேச்சரின்ரை காலிலை கோப்பை விழுமே? பந்து விளையாடினது எண்டு சொல்லு."

ஐந்தாம் மாடி. லிப்ட் கிடையாது. ஒவ்வொரு படியிலும் மடுத்தீனுக்குக் கண் இருட்டியது. கதவைத் திறந்த மரியரட்ணம் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தார்.

"வாரும் தம்பி, இரும். காலுக்கு என்ன?"

"பந்தடிச்சனான் மாமா."

"ரெண்டு காலாலையுமோ?"

"அவன் ரெண்டு காலாலையும் அடிப்பான் அண்ணை," என்று ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தார்.

மரியரட்ணம் சிரிக்கவில்லை. "எங்கட பெரியண்ணைக்கும் உப்பிடித்தான் வீங்கினது. சலரோகம், சீனி வருத்தம். பிறகு காலை முழங்காலோடை வெட்டி எடுத்துப்போட்டாங்கள்."

"சேச்சே, சலரோகம் மருந்துக்கும் இல்லை!" ஸ்ரனிஸ்லாஸ் அவசரமாகப் பாய்ந்து விழுந்தார். "பரம்பரையிலை கொஞ்சம் வாதம் ஓடுது, அவ்வளவுதான். இவன்ரை தேப்பனும் கடைசியிலை படுக்கைதான்."

மடுத்தீனின் தகப்பன் தென்னையிலிருந்து விழுந்து இறந்தவர். அத்தானின் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது அவனுக்கு.

பெண்ணின் சின்னம்மா மேரிறோஸ் கோப்பி கொண்டுவந்தாள். மரியாதைக்கு எழுந்து நின்றான். செருப்பு நழுவியது. கொப்பளம் உடைந்து, வெள்ளைக் கம்பளத்தில் சிவப்பாக ஓர் அடி பதிந்தது. மேரிறோஸ் அதைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். கோப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பிள்ளை..." என்று ஸ்ரனிஸ்லாஸ் இழுத்தார்.

"பிள்ளைக்குத் தலையிடி. படுத்திருக்கிறாள்," என்றார் மரியரட்ணம். பிறகு மடுத்தீன் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். "கோவிக்காதையும் தம்பி. நான் பிள்ளையைப் பெத்தவன். உமக்கு ஏதும் நோய், வருத்தமோ? உண்மையைச் சொல்லும்."

ஒரு வார்த்தை போதும். உங்கள் மகளுக்காக சார்த்ர் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன் என்று சொன்னால், இரண்டு வேளையும் செபமாலை சொல்லுகிற அந்த மனிதர் அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடித்திருப்பார். மடுத்தீனுக்கும் அது தெரியும். வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் பலிக்காது.

"இடைக்கிடை இப்பிடி வாறது மாமா," என்றான்.

"சரி. நாங்கள் யோசிச்சுச் சொல்லி அனுப்புறம்."

அந்தப் பேச்சின் அர்த்தத்தை மடுத்தீன் முந்தைய வீடுகளிலேயே படித்துவிட்டான்.

"நல்லாக் கெடுத்தாய்!" என்று ஸ்ரனிஸ்லாஸ் திட்டிக்கொண்டு முன்னே இறங்கிப்போனார். மடுத்தீன் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியது. வாயைத் திறக்காமல் இருந்தேனே தாயே, அதற்கு நீ தருகிற கூலி இதுதானா? கோபமாக வந்தது. தான் அழுவதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

பின்னால் காலடிச் சத்தம். பஞ்சும் மருந்துக் குழாயுமாக மேரிறோஸ் வந்தாள். அவன் காலடியில் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"பந்தடிச்ச கால் இல்லை இது. சார்த்ருக்கு நடந்த கால். என்ன?"

எல்லாம்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு ஒளிப்பு? "ஓம் மாமி. வெறுங்காலோடை. இம்மாகுலேற் எனக்குக் கிடைக்கவேணும் எண்டு நேர்த்தி."

அவள் ஒரு காலைத் துடைத்து மருந்து பூசினாள். மற்றக் காலையும் துடைத்தாள். தலை நிமிரவேயில்லை.

"மருந்து குறைவாத்தான் கிடக்குது தம்பி, மிச்சத்தை இம்மாகுலேற்றின்ரை காலுக்குப் பூசிப்போட்டன், அவளும் உங்களோடை அதே நடையிலை வெறுங்காலோடைதான் நடந்தவள், இந்தச் சம்பந்தம் குழம்பிப்போகவேணும் எண்டு."