அழிச்சதெல்லாம் வந்துடுச்சு

லேப்டாப்பை வேகமாக்கியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். வீடியோவில் ஒருத்தன் சொன்ன இடத்திலெல்லாம் அமுக்கினேன். லேப்டாப் பறந்தது. கூடவே மகள் சுவேதாவின் காதுகுத்துப் போட்டோக்களும் பறந்தன. நானூறு போட்டோ. வேறெங்கும் கிடையாது.

என் மனைவி சரண்யா திட்டவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருக்கலாம்.

"கவலப்படாத. அழிஞ்ச போட்டோவ எடுத்துக் குடுக்கிற கடை மதகடிப்பட்டுல கீது" என்றேன். மறுநாளே லில்லியின் கம்ப்யூட்டர் கடையில் லேப்டாப்பைக் கொடுத்தேன். நான்காம் நாள் போன் வந்தது. எங்கள் ஊர் கரியமாணிக்கத்திலிருந்து சரண்யாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏதோ நானே உட்கார்ந்து மீட்டெடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"காதுகுத்து முழுசும் வந்துடுச்சுண்ணா" என்றாள் லில்லி. "முன்னாடி நீங்களே அழிச்சதும் சேர்ந்து வந்திருக்கு. தேதிவாரியா போட்டு வச்சிருக்கேன்."

நானே அழித்தது!

"சரண்யா, எதிர்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

"எனக்கு வேணாம்."

"பூவாவது வாங்கிக்கோயேன்."

"இன்னாங்க, என்னிக்கும் இல்லாம பூவு? நீங்களே வாங்கினு வாங்க. லில்லிக்கும் சேர்த்து."

ஓடினேன். மூச்சிரைக்கத் திரும்பினால், திரை முழுக்க நான். பாண்டிக் கடலில், படகின் மேல், கறுப்புக் கண்ணாடியோடு, வஞ்சிர வறுவலைக் கடித்தபடி.

"இந்தத் தேதியிலதான் எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன்" என்றாள் சரண்யா, நிதானமாக. "கரும்பு வெட்டு, வர முடியாதுன்னீங்க."

"அது வந்து..."

"இன்னா வெட்டு வெட்டினு இருக்கீங்க!"

லில்லி கீபோர்டுக்குள் குனிந்து சிரித்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் ஒருத்திதான் எங்கம்மா கையப் புடிச்சி நடத்தினு வந்தேன். அவங்களும் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருந்தாங்க."

பூவை நீட்டிக்கொண்டே நின்றேன். யார் வாங்கிக்கொள்வது? அழிக்கிற பட்டன் மனுஷனுக்கும் இருந்தால் அங்கேயே அமுக்கியிருப்பேன்.

"லில்லி, காதுகுத்த பென்டிரைவ்ல போடு. இத மட்டும் பெருசா பிரின்ட் எடுத்து, சட்டம் மாட்டிக் குடு" என்றாள் சரண்யா.

இப்போது எங்கள் வூட்டுக் கூடத்தில் அதுதான் தொங்குகிறது. மாமியார் வரும்போதெல்லாம் கிட்டப் போய் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"ஆபரேஷனுக்கு அப்புறம் மாப்பிள்ள எவ்ளோ தெளிவா தெரியறாரு!"