காரப்பொடிச் செவுளில் கிடைத்த பெருமை

கடல் மீன்களின் செவுளில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்களை இனம் பிரித்துப் பட்டியல் போடுவதற்கென்றே கடலூரில் ஓர் அலுவலகம் இருந்தது. நாட்டுக்கு மிகவும் அவசியமான வேலை. அங்கே செவுள் அரசாங்கத்துக்குச் சொந்தம். மீதி மீன் அதிகாரிகளுக்கு. வஞ்சிரம் இயக்குநர் மணவாளன் வீட்டுக்கு, கொடுவா துணை இயக்குநர் திருநாவுக்கரசு வீட்டுக்கு. ஆகவே, விலை உயர்ந்த மீன்களில்தான் புழுக்கள் வாழ்கின்றன என்ற அரிய உண்மை இருபது வருட ஆராய்ச்சியில் நிலைநாட்டப்பட்டிருந்தது.

துறைமுகத்தில் கூடை வைத்து விற்கும் சவரிமேரியிடம் போய், 'ஆய்வு மாதிரி' என்று சொல்லி மீனை எடுத்து வருவது யாகப்பனின் வேலை. அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அது மீன் இல்லை, அறிவியல். சவரிமேரி அவருடைய மனைவி என்பதால் கோப்பில் எந்தச் சிக்கலும் எழவில்லை.

யாகப்பன் ஐந்தாவது ஃபெயில். ஆனாலும் செவுளை விரித்த மாத்திரத்தில் புழுவைக் காட்டிவிடுவார். அவர் கண்டுபிடித்த ஏழு புதுப் புழுக்களுக்கும் ஏழு அதிகாரிகளின் பெயரை வைத்தார்கள். அந்த வயிற்றெரிச்சலை அவர் ஆறவிடாமல் காப்பாற்றி வந்தார். இன்னும் ஒரு மாதத்தில் ஓய்வு. அதற்குள் ஒரு புழுவுக்காவது தன் பெயர் வந்துவிட வேண்டும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கூடையில் விற்காமல் நின்ற காரப்பொடி என்னும் மலிவான பொடிமீனை ஆய்ந்துகொண்டிருந்தார். செவுளில் இதுவரை பார்க்காத புழு. திங்களன்று குப்பியோடு ஓடினார்.

"காரப்பொடியா?" திருநாவுக்கரசு முகத்தைச் சுளித்தார். "நம்ம ஆபீஸ்ல யாருமே அத திங்கறதில்ல. அப்புறம் எப்பிடிய்யா ஆராய்ச்சி பண்றது?"

"புழுவுக்கு அதெல்லாம் தெரியாது சார்."

சிதம்பரத்திலிருந்து பேராசிரியர் மாலதியை வரவழைத்தார்கள். புது இனம்தான் என்றார் அவர். உடனே பெயர் சூட்டும் குழு கூடியது.

"என் பேரே இருக்கட்டும்," என்றார் இயக்குநர் அடக்கத்தோடு.

புது உத்தரவுப்படி புழுவின் வர்ணனை இந்த முறை தமிழில் இருந்தது. மாலதி வாசித்தார்: "பின்பக்கக் கொக்கிகளால் ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாகும்வரை விடாது. கண் உண்டு, எதிரில் இருப்பது தெரியாது. சாப்பாட்டுக்கு மீனையே நம்பியிருக்கும். மீனுக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை."

மாலதி காகிதத்திலிருந்து நிமிர்ந்து குழுவைப் பார்த்தார்.

"முன்னாடி வந்த ஏழு வர்ணனையையும் யாரும் படிக்கலையா?"

"அதெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு மேடம். கையெழுத்து மட்டும் போட்டோம்," என்றார் திருநாவுக்கரசு.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "கண்டுபிடித்தவர் பெயரைச் சூட்டுவதே அறிவியல் அறம்."

ஏகமனதாக நிறைவேறியது. சாயங்காலத்துக்குள் முன்பு பெயர் கொடுத்த ஏழு அதிகாரிகளும் தங்கள் பெயரை விட்டுக்கொடுத்து மனு போட்டார்கள். யாகப்பன் ஒன்று முதல் யாகப்பன் எட்டு வரை ஆணை வெளியானது.

செம்மண்டலத்து வீட்டில், புழுவின் வர்ணனையோடு கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை யாகப்பன் மனைவியிடம் நீட்டினார். எட்டாவது வரை படித்த சவரிமேரி ஒரு வரி விடாமல் வாசித்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோவ், உன்ன நல்லா பாத்துத்தான் எழுதியிருக்காங்க. எல்லாம் சரி, அந்த மீனு யாருன்னு எழுதலியே?"

யாகப்பன் சாப்பிட உட்கார்ந்தார்.

"அதுக்குத் தனியா ஒரு கமிட்டி போடணும்," என்றபடி தட்டை நீட்டினார். "இன்னும் ரெண்டு காரப்பொடி போடு."