மூன்று பேர் பாடிய இசைத்தட்டு

ஒரு விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாதென்றால், அதை அரைகுறையாகத் தெரிந்தவன் பண்டிதனாகிவிடுவான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் நெடுந்தீவின் மேல்நாட்டுச் சங்கீதப் பண்டிதனாக இருந்தேன். சம்பளமில்லாத பதவிதான், ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. (என் நடையே மாறிப்போயிருந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னார்.)

இந்தப் பதவியைத் தந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. கப்பலில் வேலை செய்த அத்தான் கொண்டுவந்தது. தீவுக்கு லோஞ்சிப் படகில் வரும்போது அலை அடித்து, உறை ஊறி, தட்டின் நடுவில் ஒட்டியிருந்த கடதாசியும் உரிந்துவிட்டது. பாடியது யார் என்ற விபரம் அதோடு கடலுக்குப் போயிற்று.

"இதை ஜாஸ் எண்டு சொல்லுறவை. நல்ல பாட்டெண்டு கடைக்காரன் சொன்னவன்," என்றார் அத்தான். அவருடைய அறிவு அவ்வளவுதான்.

பற்றரியில் ஓடும் என் பழைய பிளேயரில் அதைப் போட்டேன். முதற்பாட்டில் ஒரு கனத்த குரல். பக்கத்துக் கதிரையிலிருந்து கதைப்பது போலத் தொடங்கி, கதைத்தபடியே பாட்டுக்குள் போய்விட்டது. அடுத்ததில் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல். சொல்லே கிடையாது, 'தபதீப துபா' என்று வெறும் ஒலிகள். ஆனால் தாளம் எங்கே சுற்றினாலும் சரியான இடத்தில் வந்து இறங்கியது. மூன்றாவதில் முறையாகச் சங்கீதம் படித்த ஒரு பெண்ணின் குரல், பெரிய தேவாலயங்களில் பாடிப் பழகிய குரல். இனி ஏற இடமில்லை என்று நான் நினைத்த இடத்துக்குப் பிறகும் அது ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு பாட்டுக்கும் நான் அழுததில்லை.

ஒரு பாட்டை மட்டும் நான் கேட்டதேயில்லை. பின்பக்கத்துக் கடைசிப் பாட்டு வருமுன்னரே என் பிளேயரின் ஊசிக்கை தானாக எழும்பித் தன் இடத்துக்குப் போய்விடும். போகட்டும், கேட்டதே ஆயுசுக்குக் காணும் என்றிருந்தேன்.

ஊரார் விளக்கம் கேட்டார்கள். பண்டிதன் வாய்மூடி இருக்கலாமா? ஒரே ஆள் இப்படியெல்லாம் பாடலாம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எனவே கனத்த குரல் மிஸ்டர் கோர்டன் என்றேன். சின்னக் குரல் அவருடைய மகள் லில்லி. தேவாலயக் குரல் கிளாரா, லில்லியின் சிற்றன்னை. பெற்ற தாய் இறந்துவிட்டாள். (அவளை ஏன் கொன்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.) மாடு வளர்க்கும் பக்கத்து வீட்டு மரியம்மாக்காவுக்கு இந்தக் குடும்பத்தில் பெரிய அக்கறை. பால் கறந்து முடிந்ததும் கல்வேலிக்கு அங்காலே வந்து நிற்பார்.

"தம்பி தாஸ், அந்தச் சின்னம்மாக்காரி பிள்ளையை வடிவாப் பாக்கிறாளோ?"

"ஓம் அக்கா, நல்ல மனுசி."

"எண்டாலும் பிள்ளையின்ர குரலில ஒரு ஏக்கம் கிடக்கு."

(கிடந்தது உண்மை.)

இந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். ஊர்காவற்றுறைத் தபாலதிபர் ஒருவரின் மகள் ஜெசிந்தா. படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தகப்பனுக்கோ நெடுந்தீவுக்குப் பெண் கொடுக்க மனமில்லை. மாப்பிள்ளை இங்கிலீசுப் பாட்டில் கெட்டிக்காரன் என்று தரகர் அளந்துவிட்டதில், நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டார். வாசிகசாலை ஆண்டுவிழாவில் நான் மேல்நாட்டு இசை பற்றி இசைத்தட்டோடு பேசுவதாக ஏற்பாடு. அவர்கள் குடும்பமாக லோஞ்சியில் வந்து முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். ஜெசிந்தா படத்தைவிட வடிவு.

ஸ்பீக்கர்காரர் ஜெனரேற்றரும் புத்தம்புதிய பிளேயரும் கொண்டுவந்திருந்தார். நான் கோர்டனை அறிமுகம் செய்தேன். லில்லியை அறிமுகம் செய்தேன். கிளாராவின் சங்கீதப் படிப்புக்கு இத்தாலியில் ஒரு குருவையும் தேடிக்கொடுத்தேன். தபாலதிபர் தலையை ஆட்டினார். இவ்வளவும் போதும், இறங்கு என்று புத்தி சொல்லியது. நான் இறங்காமல் கைதட்டலை அனுபவித்துக்கொண்டு நின்றேன்.

புதுப் பிளேயரின் ஊசிக்கை எழும்பவில்லை. கடைசிப் பாட்டு தொடங்கியது.

லில்லி பாடினாள். வெறும் ஒலிகளில் துள்ளிக்கொண்டு போனவள், மூச்சு விடாமல் அப்படியே வழுக்கிக் கீழே இறங்கினாள், இன்னும் இறங்கினாள், கோர்டன் ஆனாள். நான் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். கோர்டன் ஒரு சொல்லை நீட்டிப் பிடித்தார். அது முடியுமுன் அதே மூச்சில் மேலே எழும்பிக் கிளாரா ஆனார். மூன்று பேருக்கும் ஒரே தொண்டை. முழுத்தட்டிலும் பாடியது ஒரே ஒரு பெண்.

அவமானம் உடனே வரவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை மேடை, கலியாணம், தபாலதிபர் ஒன்றும் என் நினைவில் இல்லை. ஒரு மனுசிக்குள் இவ்வளவு இடமா என்று மலைத்துப்போய் நின்றேன். கூட்டமும் அப்படித்தான் இருந்தது. சுருட்டுப் பற்றவைக்க நெருப்புக்குச்சி உரசிய ஒருவர், அது விரலைச் சுடும்வரை அசையவில்லை.

பாட்டு முடிந்த அமைதியில் பெண்கள் பக்கத்திலிருந்து மரியம்மாக்கா எழும்பினார்.

"தம்பி தாஸ், இது ஒரு ஆளெல்லே?"

"ஓம் அக்கா," என்றேன். ஸ்பீக்கர் அதைத் தீவு முழுவதற்கும் சொல்லியது.

"அப்ப அந்தத் தாயில்லாப் பிள்ளை?"

"அப்பிடி ஒரு பிள்ளை இல்லை அக்கா."

"நான் அதுக்காக அந்தோனியாரிட்டை நேத்தி வைச்சனான் தம்பி."

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. நான் ஜெனரேற்றருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றால் இரைச்சலில் அந்தச் சிரிப்புக் கேட்காது. தபாலதிபர் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"நீர் இதை ஆரிட்டையும் விசாரிச்சனீரோ?"

"இல்லை ஐயா."

"எல்லாம் நீராச் சொன்னதோ?"

"ஓம் ஐயா."

அவர் மேடைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மோள் அந்தக் கடைசிப் பாட்டை இன்னொருக்காப் போடட்டாம். போடும். ஆனா நீர் ஒண்டும் கதைக்கக்கூடாது."

போட்டேன். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நேரே என்னைப் பார்த்தாள். நானும் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறக்காமல் நின்ற அந்த நேரத்தில்தான் எங்கள் கலியாணம் நிச்சயமானது என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அன்றிலிருந்து நான் எதையாவது அடித்துச் சொன்னால் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எத்தினை பேர்?" முதற் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வயிற்றின் அமைப்பைப் பார்த்தால் ஆண்பிள்ளைதான் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வலிக்குள்ளும் திரும்பிப் பார்த்து, "எத்தினை பேர்?" என்றாள்.

"ஒருத்தன்தான்," என்றேன்.

பிறந்தவை இரண்டு பெண்பிள்ளைகள். மரியம்மாக்கா லோஞ்சி ஏறி வந்து, இரண்டையும் மடியில் வாங்கி வடிவாகப் பார்த்துவிட்டுச் சொன்னதைத்தான், பேரப்பிள்ளை கண்ட பிறகும் என் மகள்மார் கலியாண வீடுகளில் ஆளுக்குப் பாதியாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அண்டைக்கு மூண்டெண்டாய், ஒண்டாப் போச்சு. இப்ப ஒண்டெண்டாய், ரெண்டாக் கிடக்கு. இனி நீ ஒண்டையும் எண்ணாதை தம்பி."