இரண்டாம் முறையிலிருந்து எதிர்காலத்துக்கு

மாலை ஐந்து மணி பதினோரு நிமிடத்துக்கு எதிர்காலம் எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. மிகையில்லை. ஸ்போகேன் நாரைகள் குழுவின் பொது மேலாளர் வில்லர்ட் கெய்ன்ஸின் உதவியாளன் என்ற தகுதியில் சொல்கிறேன்: அமெரிக்கக் கால்பந்தில் அவரைப் போல எதிர்காலத்தைச் சேர்த்துவைத்தவர் வேறு யாரும் இல்லை.

அன்று டிராஃப்ட். கல்லூரி வீரர்களைக் குழுக்கள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நாள். போன வருடம் அதிகம் தோற்றவர்களுக்கு முன்னுரிமை. நாங்கள் அயராது தோற்று இரண்டாம் முறையை ஈட்டியிருந்தோம். பெயர் சொல்லப் பத்து நிமிட அவகாசம்; வேண்டாமென்றால் முறையையே வேறு குழுவுக்குக் கைமாற்றலாம்.

பயிற்சியாளர் ஆர்லோ பிட்மன் மேசையில் கைகளை ஊன்றி நின்றார். அவருக்கு வேண்டியது பந்து எறிய ஒருவன். மார்விஸ் டில்மன். டில்மன் வந்தால் வெல்லலாம். வெல்லாவிட்டால் டிசம்பரில் வேலை போய்விடும் என்று குழுவின் உரிமையாளர் திருமதி ஹால்வர்சன் சொல்லியிருந்தார். கோழிச் சிறகைக் கடித்துக்கொண்டே சொன்னார். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

“டில்மன் பேரைச் சொல்லு வில்லர்ட். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கறேன்.”

“அவசரப்படாத கோச். டுல்சா டீம்காரன் லைன்ல இருக்கான். நம்ம ரெண்டை எடுத்துக்கிட்டு அவனோட ஆறைத் தர்றானாம். மேற்கொண்டு ரெண்டாவது சுற்றுல ஒண்ணு.”

“ஆறு வரைக்கும் டில்மன் இருப்பானா?”

“இருப்பான். அட்டவணை சொல்லுது.”

அட்டவணை என்பது எந்த முறைக்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் தாள். அதில் எந்த வீரரின் பெயரும் கிடையாது. அதுதான் அதன் தூய்மை.

பேரம் முடிந்தது. நாங்கள் கைதட்டினோம். பேரம் முடிந்தால் கைதட்டுவது எங்கள் அலுவலக நெறி. எங்களிடம் வாங்கிய முறையில் டுல்சா டில்மனை எடுத்தது.

“பாத்தியா? ஏமாந்துட்டான்,” என்றார் கெய்ன்ஸ்.

ஆறாம் முறை வந்தது. பயிற்சியாளர் இறங்கி வந்தார்.

“சரி, எறியறவன் போனான். நம்மகிட்ட பந்து எறிஞ்சுக்கிட்டிருக்கிற கிழவனை அடி வாங்காமக் காப்பாத்தவாவது ஒரு தடியனை எடு.”

“தடியன் பதினேழுல கிடைப்பான்.”

அவர்களுடைய பதினேழுக்கு மாற்றாக ஆறு ஒமாஹாவுக்குப் போனது. பதினேழு வந்தது. தடியன் பன்னிரண்டிலேயே போயிருந்தான்.

“ஓடத் தெரிஞ்ச எவனையாவது எடுய்யா. நடக்கத் தெரிஞ்சாக்கூடப் போதும்.”

கெய்ன்ஸ் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

“பதினேழைக் குடுத்துட்டேன். லூயிவில் என்ன தந்திருக்கான் தெரியுமா? அடுத்த வருஷத்து முதல் சுற்று! முழுசா!”

கைதட்டினோம்.

“அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்யா!”

“எதிர்காலத்தைத் தனி மனுஷன் கண்ணால பாக்கக்கூடாது கோச்.”

இந்த இடத்தில் ஒரு சாதனையைப் பதிவு செய்ய வேண்டும். கெய்ன்ஸ் பொறுப்பேற்ற ஒன்பது ஆண்டுகளில் முதல் சுற்றில் தவறான வீரர் ஒருவரைக்கூட எடுத்ததில்லை. பத்திரிகைகள் சல்லடை போட்டுத் தேடின. ஒரு பெயர் அகப்படவில்லை. சரியான வீரரின் பெயரும் அகப்படவில்லை. அது வேறு விஷயம். புது வீரருக்குப் போர்த்த வேண்டிய எங்கள் குழுச் சட்டை, முதுகில் பெயர் ஏறாமல், ஒவ்வோர் ஆண்டும் மேடையிலிருந்து மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது. வேறு எந்தக் குழுவின் சட்டைக்கும் இந்தத் தூய்மை இல்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது. டுல்சா. கெய்ன்ஸ் கேட்டார். பிறகு வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கோச், டில்மன் உன்கிட்டத்தான் கத்துக்கணும்னு அடம் பிடிக்கிறானாம். உன்னை மூணாவது சுற்றுக்குக் கேக்கறாங்க.”

பயிற்சியாளரையும் கைமாற்றலாம். லீக் விதியில் தடையில்லை.

பிட்மன் மெதுவாக உட்கார்ந்தார். “டில்மன் இருக்கிற டுல்சாவா?”

“அதேதான்.”

“மூணுதானா? ரெண்டாவது கேளுய்யா. நான் என்ன அவ்வளவு மட்டமா?”

கெய்ன்ஸ் கேட்டார். வாங்கினார். இரண்டாவது சுற்று, அடுத்த வருடத்தது. கைதட்டினோம். பிட்மன்தான் அதிக நேரம் தட்டினார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதுவரை மூலையில் உட்கார்ந்து கோழிச் சிறகு தின்றுகொண்டிருந்த திருமதி ஹால்வர்சன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர்லோ எங்க போறான்?”

“டுல்சாவுக்கு மேடம். நல்ல லாபம்.”

“டில்மன்?”

“அவனும் டுல்சாவுலதான்.”

“நமக்கு யாரு?”

“இப்போதைக்கு யாரும் இல்ல மேடம். அடுத்த வருஷம் பாருங்க, நாடே நம்மளைத் திரும்பிப் பாக்கும்.”

அவர் சற்று யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “டுல்சாவுக்குப் போன் போடுப்பா,” என்றார். போட்டுக் கொடுத்தேன். கெய்ன்ஸ் பெருமிதத்தோடு தலையசைத்தார். அவருடைய கொள்கை மேலிடத்தையும் எட்டிவிட்டது.

“ஸ்போகேன்லேர்ந்து ஹால்வர்சன் பேசறேன். எங்க வில்லர்டைத் தர்றேன். என்ன தருவீங்க?”

மறுமுனை ஏதோ சொன்னது. நீளமாக இல்லை.

“கடைசி சுற்றுல ஒண்ணு குடுத்தாப் போதும்... சரி, அதுவும் வேண்டாம், சும்மாவே கூட்டிட்டுப் போங்க... அடுத்த வருஷம் வந்தாலும் சரிதான்... ஹலோ? ஹலோ, இருக்கீங்களா?”